எதிரியைப் படித்தல்: சூரன் போரும் வீடியோ கேம் பாஸும்

திருச்சி காந்தி மார்க்கெட்டில் ஊர் தூங்கப் போகும் நேரத்தில்தான் வேலை சூடு பிடிக்கும். காய்கறி ஏற்றிய லாரிகள் வந்து நிற்கும். சும்மாடு கட்டிய தலைகளுக்கு மூட்டைகள் இறங்கத் தொடங்கும். என் அக்கா மகன் அங்கே ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறான். விடிந்து வரகனேரியில் உள்ள வீட்டுக்கு வந்தால், குளித்துச் சாப்பிட்டுப் படுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் அவனுக்கே அவனுக்கானது. பழைய பிளேஸ்டேஷன் 4-ஐப் போட்டு 'எல்டன் ரிங்' ஆடுவான்.

ஒருநாள் அவனுடைய சிட்டை நோட்டைப் புரட்டினேன். முன்பக்கங்களில் மூட்டைக் கணக்கு. பின்னாலிருந்து திருப்பினால் வேறொரு கணக்கு. 'மார்கிட் 9: கம்பைத் தூக்கி நிறுத்தினான், அவசரப்பட்டு உருண்டேன்.' 'மார்கிட் 17: ஒரு அடியோடு விலகியிருக்கணும், ரெண்டாவதுக்கு ஆசைப்பட்டேன்.' 'மார்கிட் 23: மருந்து குடிக்கும்போது கத்தி வீசினான்.' இப்படியே பக்கம் பக்கமாகப் போகிறது.

"என்னடா இது?" என்றேன்.

"செத்த கணக்கு மாமா. எதுல செத்தோம்னு எழுதி வெச்சுட்டா, திரும்ப அதுலயே சாக மாட்டோம்ல."

அந்தப் பின்பக்கக் கணக்கிலிருந்துதான் இந்தக் கட்டுரை பிறந்தது. திரையில் ஒரு கடும் எதிரியிடம் ஒருவன் ஐம்பது முறை அடிபட்டு, ஐம்பத்தொன்றாம் முறையும் எழுந்து போகிறானே, அவன் உண்மையில் என்ன செய்துகொண்டிருக்கிறான்? பொழுதை வீணாக்குகிறான் என்று வீட்டில் சொல்வார்கள். அவன் எதிரியைப் படித்துக்கொண்டிருக்கிறான் என்பது என் வாதம். இந்தப் படிப்புக்குத் தமிழ் மரபில் பழைய பாடம் ஒன்று உண்டு. ஆண்டுதோறும் ஐப்பசியில் முருகன் கோயில் வீதிகளில் அது நடத்திக் காட்டப்படுகிறது.

பாஸ் என்பவன்

ஆக்‌ஷன் ரோல்-பிளேயிங் விளையாட்டுகளில் ஆடுபவர் ஒரு பாத்திரத்தை ஏற்று, ஊர் ஊராகச் சுற்றி, ஆயுதமும் வலிமையும் சேர்த்துக்கொண்டே போவார். வழியில் சின்னச் சின்ன எதிரிகள் ஏராளம். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் வழியை மறித்து ஒருவன் நிற்பான். அவன்தான் பாஸ். தொண்ணூறுகளில் டிவி கேமில் 'கான்ட்ரா' ஆடியவர்களுக்கு அவனைத் தெரியும். எங்கள் வயதில் அவனைப் 'பெரிய வில்லன்' என்போம்.

கணினி விளையாட்டில் முதல் பாஸ் என்று வரலாற்றாசிரியர்கள் பலரும் சுட்டுவது ஒரு பொன்னிற டிராகனை. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினி அமைப்பில் 1975-ஆம் ஆண்டுவாக்கில் மாணவர்கள் எழுதிய 'டிஎன்டி' என்ற விளையாட்டில், ஒரு மந்திர உருண்டைக்கு அது காவல் இருந்தது. ஜப்பானில் 1984-இல் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட 'டவர் ஆஃப் ட்ருவாகா', வாளைக் கையில் பிடித்துத் தானே சண்டையிடும் ரோல்-பிளேயிங் வகைக்கு முன்னோடிகளில் ஒன்று. 2009-இல் 'டீமன்ஸ் சோல்ஸ்', 2011-இல் 'டார்க் சோல்ஸ்', 2022 பிப்ரவரி 25-இல் 'எல்டன் ரிங்' என ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனத்திலிருந்து ஹிடேடகா மியாசாகியின் படைப்புகள் வரிசையாக வந்தன. பாஸ் சண்டையை அவை விளையாட்டின் மையத்துக்கே கொண்டுவந்துவிட்டன. 'எல்டன் ரிங்'கில் எளிது, நடுத்தரம், கடினம் என்று தேர்ந்தெடுக்கும் வசதியே கிடையாது. எதிரி எல்லோருக்கும் ஒரே எதிரிதான்.

கம்பைத் தூக்கி நிறுத்துகிறவன்

மார்கிட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் நின்று பார்ப்போம். 'எல்டன் ரிங்' ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் சந்திக்கும் முதல் பெரிய தடை அவன். ஸ்டார்ம்வெயில் கோட்டைக்குப் போகும் பாலத்தில் நிற்பான். கையில் முறுக்கிய மரக்கம்பு.

அவன் கம்பை ஓங்குகிறான். அதுவரை ஆடிப் பழகியதை வைத்து, ஓங்கிய உடனே நீங்கள் உருண்டு தப்பிக்கப் பார்ப்பீர்கள். உருளும் அசைவின் தொடக்கத்தில், நொடியின் மிகச் சிறு பகுதி நேரம் எந்த அடியும் உங்கள் மேல் ஒட்டாது. சண்டையின் உயிர்நாடியே அந்தச் சிறு பகுதிதான். மார்கிட்டோ ஓங்கிய கம்பை அப்படியே நிறுத்தி வைக்கிறான். நீங்கள் உருண்டு முடித்து எழுந்திருக்கிறீர்கள். கம்பு அப்போதுதான் இறங்குகிறது.

பதற்றத்தைத் தண்டிப்பதற்கென்றே செய்யப்பட்ட அடி அது. உங்கள் உயிர் குறைந்து மருந்துக் குடுவையை எடுத்தால் ஒளிக்கத்தி பறந்து வரும். பயத்தோடு குடிப்பதற்கு அது தண்டனை. அவன் ஒரு அடி தவறவிட்ட இடைவெளியில் ஒருமுறை வெட்டிவிட்டு விலகலாம். இரண்டாவது வெட்டுக்கு நின்றால் உடம்புத் தெம்பைக் காட்டும் ஸ்டாமினா கோடு காலியாகியிருக்கும், உருள முடியாது; பேராசைக்கு அது தண்டனை. அவனுடைய உயிர்க்கோடு ஓரளவு குறைந்ததும் ஒளியாலான பெரிய சுத்தியலை வரவழைத்துக்கொண்டு வேறு தாளத்தில் அடிக்கத் தொடங்குவான். அதுவரை கற்றதில் பாதியை மறந்துவிட்டு மறுபடி படிக்க வேண்டும்.

இவற்றில் எதையும் யாரும் வாயால் சொல்லித் தருவதில்லை. ஒவ்வொரு சாவும் ஒரு வரி சொல்கிறது. அக்கா மகன் அதை வரிவரியாகச் சிட்டையில் எடுத்து எழுதியிருக்கிறான். செத்தால் சில அடி தூரத்திலேயே எழுந்துவிடலாம் என்பதையும் கவனிக்க வேண்டும். தோல்வியின் விலை ஒரு நிமிடம்தான். விலை குறைவாக இருப்பதால் தோல்வியை ஆராய மனம் வருகிறது.

கை வேகமும் கண் தெளிவும்

இது இளைஞர்களின் கை வேகத்தைச் சோதிக்கும் ஆட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அளவுகள் வேறு கதை சொல்கின்றன. கண்ணில் பட்ட ஒன்றுக்குக் கை எதிர்வினை ஆற்ற, நல்ல உடல்நிலையில் உள்ள மனிதருக்குச் சுமார் 200 முதல் 250 மில்லிநொடி ஆகும். எதிரே வரக்கூடியவை பலவாக இருந்தால் இன்னும் நேரம் கூடும். தேர்வுகளின் எண்ணிக்கை கூடக்கூட எதிர்வினை நேரம் எப்படி நீள்கிறது என்பதை வில்லியம் ஹிக் என்ற ஆங்கிலேய உளவியலாளர் 1952-இல் அளந்து காட்டினார்.

முதல் முறை மார்கிட் எதிரே நிற்பவருக்கு அவன் தோள் அசைந்தால் அது பத்து அடிகளில் எதுவாகவும் இருக்கலாம். முப்பதாவது முறை நிற்பவருக்கு அது இரண்டில் ஒன்று. கையின் வேகம் துளியும் கூடவில்லை, மனத்தின் கேள்வி சுருங்கிவிட்டது. வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் இருவரும் 1973-இல் சதுரங்க வல்லுநர்களை வைத்துச் செய்த ஆய்வும் இதையே சொல்கிறது. உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த காய் அமைப்பை ஐந்து நொடி காட்டினால் வல்லுநர்கள் அதில் பெரும்பகுதியைச் சரியாக அடுக்கிவிடுவார்கள். காய்களைக் கண்டபடி இறைத்துக் காட்டினால் புதியவர்களைவிட அவர்கள் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. அவர்களிடம் இருந்தது பொருளுள்ள வடிவங்களை ஒரே கொத்தாகப் பார்க்கும் பழக்கம்.

இதற்குச் சதுரங்கப் பலகை வரை போக வேண்டியதில்லை. காந்தி மார்க்கெட்டில் ஒரு இரவு நின்று பார்த்தால் போதும். தலையில் மூட்டையோடு வரும் அனுபவசாலி சுமைதூக்கி தன் காலைப் பார்ப்பதில்லை. எதிரே தள்ளுவண்டி, குனிந்து பொறுக்கும் பெண், பின்னோக்கி வரும் ஆட்டோ, அழுகிய தக்காளி கிடக்கும் ஈரத் தரை. எது எப்போது எந்தப் பக்கம் நகரும் என்று முன்பே தெரிந்தவர்போல் நடையைக் குறைக்காமல் போவார். புதிதாக வந்த பையன் அவரைவிட வேகமாக நடப்பான். நாலு இடத்தில் நிற்பான், இரண்டு இடத்தில் இடிபடுவான். சந்தையின் தாளம் பெரியவர் உடம்பில் ஏறியிருக்கிறது.

அந்தத் தாளம் ஏறுவதற்கு இடைவெளியும் வேண்டும். ஒரே மூச்சில் படிப்பதைவிட விட்டு விட்டுப் படிப்பது நிலைக்கும் என்று ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இலேயே எழுதினார். விரல்களால் ஒரு வரிசையைத் தட்டப் பழகியவர்கள், இடையில் கூடுதல் பயிற்சி எதுவும் இல்லாமல், ஒரு இரவு தூங்கி எழுந்ததும் சுமார் 20 சதவீதம் வேகமாகத் தட்டினார்கள் என்று மேத்யூ வாக்கரும் அவருடைய குழுவினரும் 2002-இல் கண்டார்கள். நேற்று ராத்திரி முழுக்க அடிக்க முடியாத பாஸை இன்று காலை முதல் முயற்சியிலேயே அடித்துவிட்டேன் என்று விளையாடுகிறவர்கள் வியந்து சொல்வதுண்டு. அதில் மாயம் எதுவும் இல்லை.

தலை மாறும் சூரன்

ஐப்பசி வளர்பிறைச் சஷ்டி. திருச்செந்தூர்க் கடற்கரை முதல், திருச்சியை அடுத்த வயலூர் முருகன் கோயில் வரை, யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகள் வரை, அன்று மாலை சூரசம்ஹாரம். ஈழத்தில் சூரன் போர் என்பார்கள். ஆளுயரத்துக்கு மேலான சூரன் உருவத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆட்கள் ஓடுவார்கள். சூரன் முன்னேறுவான், பின்வாங்குவான், முருகனைச் சுற்றி வருவான், தலையை அசைத்துச் சவால் விடுவான். வேல் வந்து கழுத்தைத் தொட்டதும் தலை கழற்றப்படும். ஓய்ந்தான் என்று நினைக்கையில் அதே உடம்பில் வேறொரு தலை ஏறும். திருச்செந்தூரில் முதலில் யானைமுகம், பிறகு சிங்கமுகம், அதன்பின் சூரனின் சொந்த முகம், பின் மாமரம், கடைசியில் சேவல்.

பல கட்டமாக வடிவம் மாறும் பாஸை வீடியோ கேம் உலகம் தன் கண்டுபிடிப்பாக நினைத்துக்கொள்ளலாம். நம் வீதியில் அது தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது. காஞ்சிபுரம் குமரகோட்டத்தோடு இணைத்துப் பேசப்படும் கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் இந்தப் போர் இன்னும் விரிவானது. சூரனின் தம்பியான யானைமுகத் தாரகன் நேரே மோதுவதோடு நிற்காமல், கிரவுஞ்ச மலையின் மாயத்துக்குள் முருகனின் தளபதி வீரவாகுவின் படையைச் சிக்கவைக்கிறான். அங்கே களமே எதிரியாகிவிடுகிறது. இன்னொரு தம்பி சிங்கமுகனுக்கு வெட்ட வெட்டத் தலை முளைக்கிறது. அடித்ததை ஈடுகட்டிக்கொள்ளும் எதிரி அவன். 'எல்டன் ரிங்'கில் நம் மேல் படும் ஒவ்வொரு வாள்வீச்சிலும் தன் உயிரை ஏற்றிக்கொள்ளும் மலேனியாவைச் சந்தித்தவர்களுக்கு அந்த வேதனை புரியும். சூரபத்மனோ பறவையாகிறான், கடலாகிறான், நெருப்பாகிறான், இறுதியில் மாமரமாகி நிற்கிறான்.

இந்த ஒப்புமையில் ஒரு பிசகு உண்டு என்று கூர்மையான வாசகர் சொல்லலாம். முருகன் தோற்றுத் தோற்றுக் கற்றவன் இல்லையே, சூரனை வெல்லவென்றே தோன்றியவன் ஆயிற்றே? உண்மைதான். இங்கே கற்பவர் கூடி நிற்கும் மக்கள். ஆறு நாள் விரதமிருந்து, அடுத்து எந்தத் தலை வரும் என்று நன்றாகத் தெரிந்துகொண்டே வந்து நிற்கிறார்கள். அப்பன் தோளில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகூட "அடுத்தது சிங்கம்" என்று சொல்லும். தெரிந்திருப்பதால் சுவை குறைவதில்லை. சூரனின் ஒவ்வொரு முகமும் எப்படிப் பாயும், எப்போது விழும் என்பதை ஆண்டுக்கு ஆண்டு கண்ணால் படித்தவர்கள் அவர்கள். நாற்பதாவது முறை மார்கிட் முன்னால் நிற்பவனுடைய மனமும் அதுதான்: இனி இவன் எதைச் செய்தாலும் எனக்குத் தெரியும்.

வென்றபின் கைக்கு வருவது

இரண்டு மரபுகளும் இன்னும் நெருங்கிவரும் இடம் வெற்றிக்குப் பிறகு வருகிறது. வேல் மாமரத்தைப் பிளக்கிறது. ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல். அவை சீறி வருகின்றன. முருகன் அருளோடு நோக்க, மயில் அவனுக்கு ஊர்தியாகிறது, சேவல் கொடியாகிறது. அவனைச் சுமக்கும் வலிமை, போரில் எதிர்த்து நின்றவனிடமிருந்தே வருகிறது.

ஜப்பானியக் காப்காம் நிறுவனம் 1987-இல் வெளியிட்ட 'மெகா மேன்' விளையாட்டில், ஒரு பாஸை வீழ்த்தினால் அவனுடைய ஆயுதம் உங்களுடையதாகும்; அது இன்னொரு பாஸை வீழ்த்த உதவும். 'டார்க் சோல்ஸ்' விளையாட்டில் பாஸின் ஆன்மாவைக் கொல்லனிடம் கொடுத்து ஆயுதமாக்கிக்கொள்ளலாம். 'எல்டன் ரிங்'கில் பெரும் எதிரிகள் பலர் தங்கள் நினைவுச் சின்னத்தை விட்டுச் செல்கிறார்கள், அதைக் கொடுத்தால் அவர்களுடைய வாளோ வித்தையோ கிடைக்கும். புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020-இல் வெளியிட்ட 'ராஜி' இந்தியப் புராண உலகிலேயே நடக்கிறது. தம்பியைத் தேடிப் போகும் சிறுமி கடைசியில் மகாபலாசுரனை எதிர்கொள்கிறாள். கதைக்கான அசுரன் நம்மிடமே இருக்கிறான் என்று அது காட்டியது. சூரன் மயிலாவதைப்போன்ற ஒரு முடிவை நம் விளையாட்டு வடிவமைப்பாளர்கள் கையில் எடுத்தால் உலகத்துக்குப் புதிதாக ஒன்றைத் தர முடியும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இந்த எண்ணம் திருச்சி மண்ணுக்கு அந்நியமானதல்ல. காந்தி மார்க்கெட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் மலைக்கோட்டை. மூன்று தலை கொண்ட திரிசிரன் என்ற அரக்கன் அங்கே சிவனை வழிபட்டதால் ஊருக்குத் திரிசிராப்பள்ளி என்று பெயர் வந்தது என்கிறது தலபுராணம். சிரா என்ற சமண முனிவரின் பள்ளி என்பதே பெயர்க்காரணம் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. காவிரியைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். அரங்கனின் விமானத்தை அங்கே கொண்டுவந்து இறக்கி வைத்தவன் இலங்கை அரக்கர் குலத்து விபீடணன் என்று கோயில் வரலாறு சொல்கிறது. ஆற்றின் இரு பக்கமும் புராணம் ஒரே செய்தியைத்தான் பேசுகிறது: அரக்கனை அழித்துத் துடைத்துவிடாமல், ஊரின் பெயரிலும் கோயிலின் தொடக்கத்திலும் வைத்துக்கொண்டார்கள்.

எதிரி யாரானாலும், திரையில் கிடைக்கும் வாள் சின்னப் பரிசுதான். பெரிய பரிசு ஆடியவருக்குள் தங்குகிறது. ஓங்கிய கம்பைப் பார்த்துப் பதறாமல் ஒரு நொடி பொறுக்கும் பழக்கம், ஒரு வெட்டோடு விலகும் அடக்கம், அடிபட்டதும் "எதில்?" என்று கேட்கும் புத்தி. இவற்றைக் கற்றுக்கொடுத்தவன் எதிரி.

எல்லை எங்கே

எல்லோருக்கும் எல்லா நேரமும் இது நல்லது என்று சொல்ல வரவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியல் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதில் விளையாட்டுச் சீர்கேடும் ஒரு நோயாக இடம்பெற்றிருக்கிறது. ஆட்டத்தின் மேல் கட்டுப்பாடு போய், படிப்பு, வேலை, உறவு எல்லாவற்றையும்விட அது முந்தி, கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தபின்னும் விட முடியாமல், பொதுவாக ஓராண்டுக் காலம் அப்படியே நீடித்தால் அது நோய். அதற்கு மருத்துவரிடம் போக வேண்டும், வெட்கப்பட எதுவும் இல்லை. ஒரு மணி நேரம் ஆடிவிட்டுத் தூங்கப் போகிறவனையும், தூக்கத்தைத் தொலைத்தவனையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதுதான் தவறு.

தனியாக வென்றால்தான் வெற்றி என்ற வீம்பும் தேவையில்லை. கந்தனே வீரவாகுவைத் தூது அனுப்பி, படையோடுதான் போனான். 'எல்டன் ரிங்'கில் மற்ற ஆட்டக்காரர்களைத் துணைக்கு அழைக்கலாம். 2022-இல் தலையில் ஒரு பானையைக் கவிழ்த்துக்கொண்டு, 'லெட் மீ சோலோ ஹெர்' என்ற பெயரில் ஒரு ஆட்டக்காரர், மலேனியாவிடம் திணறியவர்கள் அழைத்தபோதெல்லாம் போய் அவளை ஆயிரம் முறைக்கும் மேல் வீழ்த்திக் கொடுத்தார். விளையாட்டை வெளியிட்ட பாண்டாய் நாம்கோ நிறுவனம் அவருக்கு உண்மையான வாள் ஒன்றைப் பரிசாக அனுப்பியது. தான் படித்ததை அடுத்தவருக்குப் பயன்படுத்தியவர் என்பதால்தான் உலகமெங்கும் ஆட்டக்காரர்கள் அவரைக் கொண்டாடினார்கள்.

தோல்வி வேதனை தருகிறது, வேதனையை மனிதர் விரும்புவதில்லை, ஆனாலும் தோல்வி நிறைந்த விளையாட்டைத் தேடிப் போகிறார்கள். இந்த முரணை டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர் யெஸ்பர் யூல் 2013-இல் ஒரு தனி நூலாகவே எழுதினார். என்னளவில் ஒரு விடை அக்கா மகனின் நோட்டில் இருக்கிறது. பள்ளியில் அவன் தோற்றபோது யாரும் அவனிடம் எதில் தோற்றாய் என்று கேட்கவில்லை. எத்தனை மார்க் என்றுதான் கேட்டோம். நானும் அப்படித்தான் கேட்டேன். மறுபடி எழுத ஒரு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. மார்கிட் அவனை ஒரு நிமிடம் மட்டுமே காக்க வைத்தான்.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பிள்ளை திரையில் அடிபட்டு விழும்போது, உடனே சுவிட்சை அணைக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து "எதுல அடிபட்ட?" என்று ஒருமுறை கேளுங்கள். கணக்கில் அடிபட்டு வரும்போதும் அதே கேள்வியைக் கேளுங்கள். அடுத்த ஐப்பசியில் சூரசம்ஹாரத்துக்குக் கூட்டிப் போய், கடைசித் தலை விழும்வரை நின்று பார்த்துவிட்டு, மயில் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லுங்கள்.

மார்கிட் கணக்கு அந்த நோட்டில் 58-இல் நிற்கிறது. அந்த வரிக்கு எதிரே காரணம் எதுவும் எழுதவில்லை, ஒரு டிக் மட்டும் இருக்கிறது. அதற்கடுத்த வரியில் அடுத்த எதிரியின் பெயரும், பக்கத்தில் 1 என்ற எண்ணும்.